தூய்மைக்குப் பின் எஞ்சுவது

மடிக்கணினி மந்தமாகிவிட்டதே என்று வருந்தி, அதிலிருந்த கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் பத்திரப்படுத்தி, எல்லாவற்றையும் அகற்றிவிடு என்ற கட்டளையை இடுமுன் சற்றே தயங்கி, பிறகு துணிந்து இட்டு, ஓர் இரவு முழுதும் அந்த எந்திரம் தன்னைத் தானே அழித்துப் புதுப்பித்துக்கொள்வதைப் பொறுமையோடு பார்த்திருந்து, விடிந்தபின் திரையைத் திறந்தவர், முன்போலவே ஒரு சிறு கோப்பைத் திறப்பதற்கும் அது அரை நிமிஷம் திணறுவதைக் காணும்போது அடைகிற ஏமாற்றம் சாதாரணமானதன்று. பழுது நீங்கவில்லை என்பது ஒரு துன்பம். பழுதை நீக்குவதற்கென்றே ஏற்பட்ட இறுதி உபாயத்தைக் கையாண்ட பின்னும் நீங்கவில்லை என்பது அதனினும் பெரிய துன்பம். ஏனெனில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையோ என்ற அவநம்பிக்கை அங்கேதான் தலைகாட்டுகிறது.

இத்துன்பத்தைச் சமய வாழ்வில் ஈடுபட்டோர் கணினி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நன்கு அறிந்திருந்தார்கள். குருவின் திருவடியில் விழுந்து தீட்சை பெற்றவரும், தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவரும், நள்ளிரவில் எழுந்து கண்ணீரோடு தவ்பா என்னும் மனந்திரும்புதலைச் செய்தவரும், காசிக்குச் சென்று கங்கையில் முழுகித் திரும்பியவரும், அந்தக் கணத்தில் தம் நெஞ்சம் கழுவப்பட்டதை ஐயமற உணர்ந்தார்கள். அப்படி உணர்ந்தவர்களே, மாதம் ஒன்று கழிவதற்குள், பழைய கோபம் பழைய குரலிலேயே தம் வாயிலிருந்து புறப்படுவதைக் கேட்டுத் திடுக்கிட்டார்கள். தூய்மை மெய்யென்றால் பழைய குணம் எஞ்சுவானேன்? எஞ்சியது மெய்யென்றால், தூய்மை என்று நாம் கொண்டாடியது வெறும் மனமயக்கந்தானா? ஆன்மிகத்தில் முதலடி வைத்த எவரையும் இந்த வினா தொடாமல் விடுவதில்லை. விடை காணாமல் மனம் கசந்து வழிபாட்டையே கைவிட்டவர்களை நான் அறிவேன். ஆகையால் இதனை ஓர் எந்திரத்தின் பழுதிலிருந்து தொடங்கி ஆராய்வது வினாவின் கண்ணியத்துக்குக் குறைவாகாது என்றே கருதுகிறேன். எந்திரத்தில் ஒரு சௌகரியம் உண்டு: எது அழிந்தது, எது எஞ்சியது என்பதை அங்கே திறந்து பார்த்துவிடலாம்.

2012-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8-இல்தான் ‘ரீசெட்’ என்ற வசதி அந்தப் பெயரோடு சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. அதற்கு முன் விஷயம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் ‘ஃபார்மட்’ என்ற பெயரால் செய்துவந்த காரியம், அன்றுமுதல் நாலைந்து பொத்தான்களில் அடங்கிவிட்டது. அது செய்வது யாதெனில், இயங்குதளத்தின் கோப்புகளைப் புதிதாக நிறுவி, நாம் சேர்த்த செயலிகளை நீக்கி, நாம் மாற்றிய அமைப்புகளையெல்லாம் ஆதி நிலைக்குக் கொண்டுவந்து, நாம் விரும்பினால் நம் சொந்தக் கோப்புகளையும் அகற்றிவிடுவதாகும். 2020 முதல், அந்தப் புதிய கோப்புகளைக் கணினிக்குள் இருப்பவற்றைக்கொண்டே ஆக்கிக்கொள்ளாமல், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட அளவில் இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளும் வழியும் ஏற்பட்டது. இது அற்பமான சுத்திகரிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. கணினி தொடங்கும்போதே கூட்டமாக விழித்தெழுந்து நினைவகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் செயலிகள், ஒன்றோடொன்று முரண்படும் டிரைவர்கள், எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட வைரஸ்கள் முதலியவற்றால் வந்த மந்தமாயின், ரீசெட் அதனைப் பெரும்பாலும் மெய்யாகவே போக்கிவிடுகிறது. எத்தனையோ கணினிகள் அவ்வாறு மீண்டிருக்கின்றன.

ஆனால் ரீசெட் தொடுவது எழுதப்பட்டதை மட்டுமே. எழுதப்பட்ட இடத்தை அது தொடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்வரை, குறைந்த விலை மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் பொருத்தப்பட்டது. 5400 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அந்த முனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகரும் நேரமும் அதனோடு சேரும். ஆகவே அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது, விநாடிக்கு ஏறத்தாழ 60 முதல் 80 இடங்களையே அது எட்ட இயலும். இது நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் டிஸ்கின் நிலை. வயதாகிச் சில பகுதிகள் பலவீனமுற்றால், அப்பகுதியில் எழுதியிருப்பதை ஒரே முறையில் படிக்க முடியாமல், டிஸ்க் அதையே திரும்பத் திரும்பச் சுற்றிவந்து பல விநாடிகள் முயல்கிறது. அம்முயற்சி முடியும்வரை மற்ற எல்லாக் காரியங்களும் வரிசையில் நிற்கின்றன. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்வதாகக் காட்டும். எவ்வளவு படித்தது என்று பக்கத்திலேயே பார்த்தாலோ, சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றும் இராது. முழு உழைப்பும் முழு நிஷ்பலனும் ஒரே கட்டத்தில் தெரிகிற அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள், மனிதரிலும் அத்தகையோரைத் தாம் கண்டதுண்டு என்பதை நினைவுகூராமல் இரார்.

சென்னை ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியிலுள்ள சிறு கடை ஒன்றில், கல்லூரி மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியை நீட்டி, “ரீசெட் போட்டும் அப்படியேதான் இருக்கு, அண்ணே” என்று சொல்ல நேர்ந்தபோது நான் அருகில் நின்றேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் பென் டிரைவிலிருந்து ஒரு சிறு செயலியை ஓடவிட்டார். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கட்டம் நீலமாக இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக இருந்தது. “பாத்தியா தம்பி, இந்த வரி? படிக்க முடியாம நிக்கிற செக்டர் எத்தனைன்னு சொல்லுது. விண்டோஸ்மேல குத்தமே இல்ல.” “புதுசு மாதிரி ஆயிடும்னாங்களே?” “விண்டோஸ் புதுசுதான். டிஸ்க் அதே டிஸ்க்தானே?” மாணவனின் முகத்தில் முதலில் வருத்தமும், அதன் பிறகு ஒரு நிம்மதியும் வந்ததைக் கண்டேன். அவன் இரண்டாம் முறையும் ரீசெட் செய்யத் தொடங்கியிருந்தானாம். தான் ஏதோ தவறாகச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் அவனை அரித்துக்கொண்டிருந்தது என்பது அந்த நிம்மதியிலிருந்து விளங்கிற்று.

தூய்மைக்குப் பின்னும் மந்தம் எஞ்சக் கண்டவர்கள் விரைந்து எடுக்கும் முடிவுகள் இரண்டேதான். ஒன்று, அம்மாணவன் செய்ததுபோல், சடங்கு சரியாக நடக்கவில்லை என்று எண்ணி அதையே மீண்டும் செய்வது. ஒரு விரதம் பலிக்கவில்லையென்றால் இரண்டாம் விரதம், ஒரு குரு போதவில்லையென்றால் மற்றொரு குரு, ஒரு பாவசங்கீர்த்தனத்தில் ஏதோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற பீதியில் மறுநாளே மற்றொன்று என்று இவர்கள் அலைகிறார்கள். பலவீனப்பட்ட டிஸ்கின்மேல் மறுபடி மறுபடி எழுதுவது அதன் ஆயுளைக் கூட்டாது என்பதுபோல, இந்த அலைச்சலும் உள்ள பலத்தைக் கரைக்கிறதே தவிரப் புதிதாக ஒன்றைத் தருவதில்லை. மற்றொரு முடிவு, சடங்கே ஏமாற்று என்று தள்ளிவிடுவது. இந்த இரண்டாம் கூட்டத்தார்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் நேர்மையாளர்கள், கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். ஆயினும் அவர்கள் கண்டது பாதி. அகன்றது எது என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

அதை விசாரித்தவர்களுள் அகஸ்தீனாரைப்போல் அச்சமின்றி எழுதியவர் எவரும் இலர் என்பது என் எண்ணம். 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளை ஒட்டிய இரவில் மிலான் நகரத்தில் அம்புரோஸ் என்ற ஆயரின் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின், வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராகத் தாமே வீற்றிருந்த காலத்தில், ‘வாக்குமூலங்கள்’ என்ற பதின்மூன்று பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். முதல் ஒன்பது பகுதிகளில் கழிந்துபோன வாழ்க்கையைச் சொல்லிவந்தவர், அங்கேயே நிறுத்தியிருந்தால், பாவி ஒருவர் புனிதரான கதையாக அது இனிது முடிந்திருக்கும். பத்தாம் பகுதியில், இன்று நான் எத்தகையவனாக இருக்கிறேன் என்று ஆராயப் புகுகிறார். விழித்திருக்கும்போது வலுவிழந்து நிற்கும் பழைய இன்பங்களின் வடிவங்கள், தம் ஞாபகத்தில் இன்னும் வாழ்வதையும், உறங்கும்போது எழுந்துவந்து தம் இணக்கத்தையும் பெற்றுவிடுவதையும் ஓர் ஆயர் தம் மந்தைக்கு முன்னால் ஒளிக்காமல் சொல்கிறார். விழிப்பில் இருக்கும் நானும் உறக்கத்தில் இருக்கும் நானும் வேறா என்று இறைவனிடமே கேட்கிறார். ஞானஸ்நானம் பொய் என்று அவர் ஒருகாலும் நினைத்தவரல்லர். அதன் மெய்ம்மைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர். அது கழுவியது ஒன்று, கழுவாமல் விட்டது மற்றொன்று என்பதை அவர் தம் உறக்கத்தைக்கொண்டே கண்டுபிடித்தார்.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய வழக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் ஓயவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பின் எஞ்சும் இச்சையே மெய்யான பாவந்தான், இறைவன் அதனைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் விசேஷம் என்று கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் போதித்தார். அவர் மறைந்த நான்கு மாதங்களில், 1546 ஜூன் 17-ஆம் நாள், திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம், அந்த இச்சை பாவத்திலிருந்து பிறந்து பாவத்தின் பக்கம் சாய்ப்பதே ஆயினும் தானே பாவமாகாது என்றும், போராட்டத்தின் பொருட்டே அது விட்டுவைக்கப்பட்டது என்றும் தீர்மானித்தது. அனுபவத்தை உள்ளது உள்ளபடி சொல்வதில் லூதரின் வாக்கு கூர்மையானது. ஆனால் என் மனம் இவ்விஷயத்தில் சங்கத்தின் பக்கமே சாய்கிறது. எஞ்சியதையெல்லாம் குற்றம் என்று சொல்லிவிட்டால், பலவீனத்தையும் துரோகத்தையும் வேறுபடுத்த வழியில்லாமல் போகும். தேய்ந்துபோன செக்டரை வைரஸ் என்று அழைப்பவர், எத்தனை பக்தியோடு அழைத்தாலும், அதற்குரிய சிகிச்சையைக் கண்டடையப் போவதில்லை.

பாரத நாட்டுத் தத்துவ சிந்தனை இவ்வினாவைக் கன்மத்தின் வழியாக அணுகிற்று. பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில், முதற் பாதத்தின் பதினைந்தாம் சூத்திரம், ஞானத்தால் அழிவன இன்னும் பலன் தரத் தொடங்காத வினைகள் மாத்திரமே என்று வரையறுக்கிறது. பலன் தரத் தொடங்கிவிட்ட வினையால் ஆகிய இவ்வுடல், வேகம் ஏறிய குயவன் சக்கரம் கையை எடுத்த பின்னும் சுழல்வதுபோல், அந்த வேகம் அடங்கும்வரை நிற்கும் என்று சங்கரர் அதற்குப் பாஷ்யம் செய்கிறார். சைவ சித்தாந்தமும் தன் சொந்த நெறியில் இதே இடத்துக்கு வருகிறது: சேர்ந்து கிடக்கும் வினையாகிய சஞ்சிதம் தீட்சையால் எரிகிறது, இனிச் செய்வதால் வரும் ஆகாமியம் குருவருளால் ஏறாமல் தடுக்கப்படுகிறது, பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரப்தமோ உடல் உள்ளவரை நுகர்ந்தே கழிய வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் பன்னிரண்டு. முத்தி பெற்றவனின் நிலை கூறப்பட்ட பிறகும் நூல் முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இறுதிச் சூத்திரம், அத்தகையவன் மலத்தைக் கழுவி, அன்பரோடு கூடி, அவர்தம் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதிருக்குமாறு விதிக்கிறது. கரையேறியவனுக்கு விதி எதற்கு? ஏறிய பின்னும் பழைய பழக்கத்தின் வாசனை தாக்கும் என்பதை அந்நெறியின் ஆசாரியர்கள் அறிந்திருந்தார்கள். கற்பிக்கும்போது அதை மறைக்கவும் இல்லை.

வேதாந்திகளுள் வித்தியாரண்யர் ஒருபடி மேலே செல்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய ஜீவன்முக்தி விவேகத்தில், தத்துவ ஞானம் ஒன்று, வாசனை அழிதல் ஒன்று, மனம் அடங்குதல் ஒன்று என்று மூன்றையும் பிரித்து, முதலாவது கைகூடியும் மற்ற இரண்டும் கைகூடாத ஞானிகள் உண்டு என்கிறார். அதற்கு அவர் எடுத்துக்காட்டும் பெயரைக் கேட்டால் வியப்பு உண்டாகும்: யாக்ஞவல்கியர். ஜனகனின் சபையில், வேதம் வல்லார் அனைவருள்ளும் தலைசிறந்தவருக்கென்று கொம்புகளில் பொன் கட்டி நிறுத்திய ஆயிரம் பசுக்களை, வாதம் தொடங்குமுன்பே தம் சீடனை ஏவி ஓட்டிக்கொண்டு போகச் சொன்னவர் அவர். அதே சபையில் சாகல்யர் என்பவரை வாதத்தில் மடக்கி, விடை சொல்லாவிடில் தலை விழும் என்று எச்சரித்தார்; விடை வரவில்லை; தலை விழுந்தது. உபநிடதங்களிலேயே மிக ஆழ்ந்த உபதேசங்கள் சிலவற்றை அருளிய ரிஷியின் ஞானத்தில் வித்தியாரண்யருக்குத் துளியும் சந்தேகமில்லை. அந்த ஞானத்தோடு கூடவே வித்தையின் செருக்கும் செல்வத்தின் ஆசையும் அவரிடம் எஞ்சியிருந்தன என்று கூறவும் அவர் கூசவில்லை. ஞானத்தை மறுக்காமல் குறையைக் காண்பதும், குறையைக் கண்டபின் ஞானத்தை மறுக்காதிருப்பதும் எத்தனை அரிய மனத்திண்மை! நம் காலத்தில், மதிப்புக்குரிய ஒருவரிடம் ஒரு குறை தெரிந்தவுடனே, அவர் கற்பித்ததையெல்லாம் சேர்த்து எரித்துவிடும் அவசரத்தைக் காணும்போது அந்தத் திண்மையின் அருமை இன்னும் விளங்குகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. பிராரப்தம் என்பது சோம்பேறியின் கையில் சிக்கினால் கேடயமாகிவிடும். ‘என் சுபாவம் அப்படி, என்ன செய்ய’ என்று, மனைவியை ஏசியவனும் கடனைத் திருப்பாதவனும் தத்துவம் பேசத் தொடங்குவார்கள். இங்கேதான் பழுதுபார்ப்போரின் ஒழுங்கு நமக்கு உதவுகிறது. ரீசெட் ஆன கணினி மந்தமாயிருந்தால், தேர்ந்தவர்கள் எடுத்தவுடனே டிஸ்க் போயிற்று என்று சொல்வதில்லை. முதலில் ஒன்றிரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறார்கள். ஏனெனில் புதிதாக நிறுவப்பட்ட இயங்குதளம் பின்னணியில் அப்டேட்களை இறக்கிக்கொண்டும், கோப்புகளை அட்டவணைப்படுத்திக்கொண்டும், பாதுகாப்புச் சோதனை செய்துகொண்டும் இருக்கும். அந்த மும்முரம் நோயன்று. அதன் பிறகு, பழைய கணக்கிலேயே நுழைந்தவுடன் பழைய செயலிகளையும் பிரவுசரில் பழைய ஒட்டுகளையும் திரும்ப ஏற்றிக்கொண்டோமா என்று பார்க்கிறார்கள். விசிறியில் தூசு அடைத்திருக்கிறதா, பிராசஸரின் மேல் தடவிய பசை காய்ந்துவிட்டதா என்று அடியிலுள்ள மூடியைக் கழற்றிப் பார்க்கிறார்கள். வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில மடிக்கணினிகளில், தனக்குரியதல்லாத சார்ஜரைச் செருகினாலும் அவ்வாறே நேரும். ரேம் 4 ஜி.பி. மட்டும் என்றால், ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்தவுடன் இடம் போதாமல் கணினி டிஸ்கையே நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். இவற்றையெல்லாம் பார்த்துத் தள்ளிய பின்னரே டிஸ்கின்மேல் பழி வருகிறது.

மனிதனைப் பற்றிய விசாரணையும் இந்த வரிசையிலேயே நடைபெற வேண்டும் என்று நினைக்கிறேன். விரதம் எடுத்த மறுநாளே பலனை எடைபோடுகிறவன் பொறுமையில் தேர்ச்சி பெறவில்லை. தீட்சை பெற்றுத் திரும்பியவன் பழைய கூட்டத்தின் நடுவிலேயே போய் அமர்ந்தால், திரும்ப ஏறிக்கொண்ட குணத்தைப் பிராரப்தம் என்று சொல்வது பொய்ச்சாட்சி. அன்பரோடு கூடு என்று மெய்கண்டார் விதித்தது இதற்காகவே. உறக்கமின்மை, பசி, தீராத வேலை, ஆறாத துக்கம் முதலியவற்றால் உள்ளம் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டே மந்தமாகிவிட்ட மனிதரும் உண்டு. அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஜபத்தில் மனம் நிற்கவில்லையென்றால், அவளுடைய பக்தியில் குறை காண்பவன் மகாபாவி. இஸ்லாமியப் பேரறிஞர் கஸ்ஸாலி, இஹ்யா உலூமித்தீன் என்ற தம் பெருநூலின் முப்பத்தொன்றாம் பகுதியில் தவ்பாவை விளக்குகையில், அதனை அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் என்ற மூன்றால் ஆனதாகக் கூறி, அறிவையே முதலில் வைக்கிறார். வருந்துவதற்கு முன் அறிய வேண்டும். எதனால் என்று அறியாமல் வருந்துகிற வருத்தம் தன்னைத் தானே அடித்துக்கொள்வதில் முடிந்துவிடுகிறது. விசாரணையெல்லாம் முடிந்து, நீக்கத்தக்கவற்றை நீக்கிய பின்னும் எஞ்சி நிற்பது எதுவோ அதற்குத்தான் பிராரப்தம் என்ற பெயர் தகும். அந்த எச்சம் நாம் பயப்படுவதைவிட மிகச் சிறியதாகவே பெரும்பாலும் இருக்கும்.

டிஸ்கை மாற்றிவிட்டால்? மாற்றலாம். சுழலும் தட்டு ஏதும் இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால், முன்பு பத்துப் பதினைந்து மில்லி விநாடி பிடித்த காரியம் ஒரு மில்லி விநாடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் நடந்துவிடும். கைவிடப்பட்ட கணினிகள் அவ்வாறு எழுந்து நடமாடுவதைப் பார்ப்பது ஆனந்தம். ஆயினும் அதைப் பொருத்துவோரில் பலர், புதிதாக நிறுவும் சிரமத்தை அஞ்சி, பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே ‘குளோன்’ செய்து ஏற்றிக்கொள்கிறார்கள். உடல் புதிது, உள்ளே இருப்பது, குப்பையும் கோளாறும் உட்பட, ஓர் எழுத்தும் மாறாத பழையது. மறுபிறப்பைப் பற்றி நம் முன்னோர் கூறியது ஏறக்குறைய இதுவேயாகும். தூல உடல் வீழ்கிறது. சூக்கும உடல் தன் சம்ஸ்காரங்களோடு வேறோர் உடலைச் சேர்கிறது. தீட்சையில் உள்ளடக்கம் தூய்மை அடைகிறது, கருவி பழையதாகவே நிற்கிறது. பிறப்பிலோ கருவி புதிதாகிறது, உள்ளடக்கம் பழையதாகவே தொடர்கிறது. இரண்டின் பழமையும் ஒருசேர நீங்கும் நிலை ஒன்று உண்டென்றும், அது ஞானி உடலை உதிர்க்கும்போதே கைகூடும் என்றும் விதேக முக்தியைப் பேசிய வேதாந்திகள் கருதினார்கள். கிறிஸ்தவ மறையோ மறுபிறப்பை ஏற்காமல், மன்னிக்கப்பெற்ற ஆன்மாவுக்கு இறுதி நாளில் அழியா உடல் அளிக்கப்படும் என்கிறது. இவற்றுள் எது மெய் என்று தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. எவ்வழி சென்றாலும், உள்ளம் தூய்மை பெற்ற நாளும் கருவியின் பழமை நீங்கும் நாளும் ஒரே நாளாக அமைவதில்லை என்பதில் இவ்விரு மரபுகளும் ஒத்துப்போவதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அவ்விரு நாட்களுக்கும் இடையிலுள்ள நெடிய காலத்தில் அண்டை அயலார் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி நம் சமய நூல்களைப் படிப்போர் போதிய கவனம் செலுத்துவதில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் ஆக்ரன் நகரில் தோன்றிய, குடியிலிருந்து மீள்வோரின் சங்கம் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டது. இருபது ஆண்டுகளாக ஒரு துளியும் தொடாதவரும், கூட்டத்தில் எழுந்து பேசும்போது, தம்மைக் குடிநோயாளி என்றே சொல்லிக்கொள்வார். கேட்பவர்கள் அதனால் அவரை இகழ்வதில்லை. அவர் எந்த உடலோடு இந்த இருபது ஆண்டுகளைக் கடந்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் தெருக்களில் அத்தகைய மனிதர் ஒரு நாள் குரலை உயர்த்திவிட்டால், “மாறிட்டேன்னு சொன்னானே, பாத்தியா?” என்ற சொல் எத்தனை விரைவாகப் பிறக்கிறது! ஹார்ட் டிஸ்குக்காவது தன் நலிவைத் தானே கணக்கிட்டுக் காட்டும் ஓர் ஏற்பாடு உள்ளே உண்டு. மனிதனுக்கு அத்தகைய அட்டவணை இல்லை. அவன் உள்ளே எத்தனை முறை சுற்றிச் சுற்றி முயன்றான் என்பது வெளியே தெரிவதில்லை. முன்பு சொன்ன பிரம்ம சூத்திரத்தின் பாஷ்யத்திலேயே, தன் உள்ளத்தில் பிரம்மத்தை அறிந்ததையும் தான் உடலோடு நிற்பதையும் ஒருவன் நேரே உணர்ந்திருக்க, அதை மற்றொருவன் எவ்வாறு மறுக்க இயலும் என்று சங்கரர் கேட்கிறார்.

பாலி மொழியிலுள்ள உதானம் என்ற பௌத்த நூலில் பிலிந்தவச்சர் என்ற பிக்குவைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. அவர் தம் உடனுறை பிக்குகளை, இழிகுலத்தானே என்று பொருள்படும் சொல்லாலேயே அழைத்துவந்தார். சாதிச் செருக்கை அறவே துறந்த சங்கத்தில், அதுவும் ஒரு துறவியின் வாயிலிருந்து, அந்தச் சொல் நாள்தோறும் வந்துகொண்டிருந்ததைப் பிக்குகள் பொறுக்கமாட்டாமல் புத்தரிடம் முறையிட்டார்கள். புத்தர் அவரை வரவழைத்து, அவ்வாறு அழைப்பது மெய்தானா என்று கேட்டார். மெய்தான் என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அவருடைய முற்பிறவிகளை மனத்தால் நோக்கிய புத்தர், ஐந்நூறு பிறவிகள் இடைவிடாமல் பிராமணக் குலத்திலேயே பிறந்துவந்தவரின் நாவில் நெடுங்காலம் பழகிப்போன சொல் அது என்றும், வெறுப்பு அவருள்ளத்தில் சிறிதும் இல்லை என்றும் அறிந்தார். அச்சொல்லை இனி விட்டுவிடு என்று பிலிந்தவச்சருக்குக் கட்டளை இட்டதாக அந்நூல் கூறவில்லை. புத்தர் முறையிட வந்த பிக்குகளின் பக்கம் திரும்பி, அவர்மேல் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம் என்றார்.